பூவங்கண்மாயில் கை நனைத்தது யார்?

புதுக்கோட்டை பஸ் ஸ்டாண்டு எதிரே முட்டை மாஸில் புரோட்டாவைத் தொட்டு ரெண்டாவது வாய் எடுக்கும்போதுதான் இடது கை காலியாக இருப்பது உறைத்தது. வலது கையில் புரோட்டா இருந்தது. இடது கையில் இருந்திருக்க வேண்டியது நாலடி நீள பிளாஸ்டிக் குழாய். அதற்குள் ஒரு மேப். அந்த மேப்பைக் கொண்டுவந்து சேர்ப்பதற்காகத்தான் நான் சென்னையிலிருந்து கிளம்பியதே.

கீரனூரில் ஏறிய ஒரு பெரியவர், "பாப்பா, அது என்ன துப்பாக்கியா? கண்ணுல குத்துது, மேல போடும்மா" என்றார். மேலே போட்டேன். புதுக்கோட்டையில் நான் இறங்கினேன். குழாய் இறங்கவில்லை. பஸ் மீமிசல் வரை போகிற பஸ்.

அந்தோணி அண்ணனுக்கு போன் போட்டேன். அதுவரை நாங்கள் நேரில் பார்த்ததில்லை, போனில் மட்டும்தான் பழக்கம்.

"வந்துட்டீங்களா?"

"வந்துட்டேன்ண்ணே."

"மேப்பு?"

"அது மீமிசலுக்குப் போயிட்டிருக்கு."

எதையோ கீழே வைக்கிற சத்தம். பிறகு, "நீங்க என்ன செய்யுறீங்க?"

"புரோட்டா சாப்பிட்டுட்டு இருக்கேன்."

"சரி, அதையாவது மிச்சம் வைக்காம முடிங்க. வாரேன்."

அந்தோணி டூவீலர் மெக்கானிக். ஆவூர்ப் பக்கத்து வேதக்காரக் குடும்பம். கல்யாணம் முடித்து மனைவியின் ஊரான பூவங்கண்மாய்க்கு வந்தவர். ஊரின் உண்மைப் பெயர் அது இல்லை. இந்த விவகாரத்தின் கோப்பு இன்னும் அதிகாரிகள் மேசையில் இருப்பதால் பெயரை மாற்றச் சொன்னார்கள், மாற்றிவிட்டேன். அறந்தாங்கி சாலையிலிருந்து உள்ளே திரும்பினால் வரும் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

போனில் துண்டு துண்டாகச் சொன்ன விஷயத்தைப் பைக்கில் போகும்போது முழுதாகச் சொன்னார். ஊருக்கு மேற்கே செம்மண் மேடு. மழை பெய்தால் அந்த மேட்டுத் தண்ணீர் ஒரு ஓடை வழியாக இறங்கி ஊர்க் கண்மாயை நிரப்பும். அந்த ஓடைக்கு இங்கே வாரி என்று பெயர். கண்மாய் நிரம்பினால் வயல். இப்போது மேட்டில் ஒரு தொழிற்பூங்கா வரப்போகிறது. அரசுப் பதிவேட்டில் மேடு வெறும் தரிசு. வாரிக்கு ஒரு கோடுகூட இல்லை. வேலி போட்டால் வாரியின் கழுத்தில்தான் விழும்.

"பூங்காவே வேண்டாம்னு சொல்றீங்களா?"

"வேண்டாம்னு நாலு பேரு, வாரியை விட்டுட்டுக் கட்டுனாப் போதும்னு நாப்பது பேரு. பந்தல்ல தெனம் அதுக்கே சண்டை. ஆனா வாரி வேணுங்கறதுல சண்டையே கெடையாது."

நகரத் திட்டமிடல் படித்துவிட்டு வேலை தேடாமல் ஊர் சுற்றிக்கொண்டிருக்கும் நான், பழைய செயற்கைக்கோள் படங்களை அடுக்கி வாரியை நீலக் கோடாக வரைந்தது இதற்காகத்தான். மூன்றாம் நாள் கருத்துக் கேட்புக் கூட்டம். அதற்குத்தான் மேப். அதுதான் மீமிசலில்.

போராட்டப் பந்தல் கண்மாய்க் கரையில் இருந்தது. ஒரு மாதத்துக்கு மேலாக உட்கார்ந்திருக்கிறார்களாம். முழக்கம் எதுவும் கேட்கவில்லை. முருங்கைக்காய் சாம்பார் வாசனைதான் முதலில் வந்தது. பந்தலுக்குப் பின்னால் அடுப்பு, அடுப்புக்குப் பின்னால் செல்வராணி அக்கா.

"மெட்ராஸ் தங்கச்சியா? வா வா. மேப்பைத் தொலைச்சுட்டியாமே?"

செய்தி எனக்கு முன்னால் வந்து சேர்ந்திருந்தது.

செல்வராணி அக்காவுக்கு நாற்பது வயது சொல்லலாம். கண்மாயின் கடைசி மடையில் ஒன்றரை ஏக்கர். தண்ணீர் குறைந்தால் முதலில் காய்வது அவர் வயல்தான். அதனாலேயே பந்தலுக்கு முதல் நாள் முதல் பாத்திரம் தூக்கி வந்தவர் அவர். ஊரில் வீட்டுக்கு ஒரு படி அரிசி வருகிறது, காய்கறி வருகிறது, சமையல் அவர் பொறுப்பு.

இலையில் உட்கார்ந்த பிறகுதான் இன்னொரு பிரச்சினை தெரிந்தது. ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்கள். பூங்காவுக்காக ஆய்வு செய்த ஆலோசனை நிறுவனம் ஒன்றின் அறிக்கையில் ஒரு பக்கம். அதில் ஒரு போட்டோ. செல்வராணி அக்கா சிரித்த முகமாக ஒருவர் இலையில் ரசம் ஊற்றுகிறார். கீழே எழுதியிருந்ததன் சாரம் இதுதான்: கிராமப் பெண்கள் ஆய்வுக் குழுவை வரவேற்று, உணவளித்து, திட்டத்துக்கு இசைவு தெரிவித்தனர்.

"இலையில இருக்கறது யாரு?"

"சர்வேயரு" என்றார் அந்தோணி. "அளக்க வந்தவரு."

இலையிலிருந்து கையை எடுத்துவிட்டேன். "ஒங்களுக்கு எதிரா அளக்க வந்தவருக்குப் பந்தலுக்குள்ள கூப்பிட்டுச் சோறு போட்டீங்களா?"

"ஒரு நாள் இல்ல, பதினோரு நாளு" என்றது ஒரு குரல்.

செல்வராணி அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "பின்ன? மண்டையப் பொளக்குற வெயிலு. அளக்குற முக்காலியத் தூக்கிக்கிட்டு மேட்டுல அங்கிட்டும் இங்கிட்டும் நடக்குறாரு. கடைக்குப் போகணும்னா ஆறு மைலு. பாத்துக்கிட்டே நாம மட்டும் தின்னா எறங்குமா? சாப்பாட்டு நேரத்துல எதிராளி என்ன, பங்காளி என்ன?"

வேளச்சேரியில் எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பில் சாப்பாடு கொண்டுவருகிற பையன்கள் லிப்டில் ஏறக்கூடாது என்று நோட்டீஸ் ஒட்டியிருக்கிறோம். அதே கட்டடம் ஒரு ஏரியின் மேல் நிற்கிறது. மழைக்காலத்தில் ஏரி தன் இடத்தைத் தேடிக் கார் நிறுத்துமிடம்வரை வந்துவிட்டுப் போகும். வந்த தண்ணீருக்கும் இடமில்லை, வந்த ஆளுக்கும் இடமில்லை. ரசத்தைக் குடித்தேன். அறிக்கைக்கு எதிராக எதுவும் பேச முடியாத அளவுக்கு நன்றாக இருந்தது.

சாயங்காலம் தெருக்குழாயில் கேட்டது. குடத்தோடு நின்ற ஒரு பெண் சத்தமாக, "என்ன செல்வராணி, பூங்காக்காரவுகளோட தாம்பூலம் மாத்திட்டியாமே? எப்ப முகூர்த்தம்?" என்றாள். நாலு பேர் சிரித்தார்கள். செல்வராணி அக்கா குடம் பாதி நிரம்புவதற்குள் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார்.

ரெண்டாம் நாள் காலையில் மீமிசல். பைக்கில் போனால் முதுகு என்று ஒன்று இருப்பது தெரியும் தூரம். வழியில் செயின் ரெண்டு தடவை கழன்றது. மெக்கானிக் பைக் அல்லவா, அதற்குத்தான் அவர் நேரம் ஒதுக்கவில்லை போலிருக்கிறது.

"ஊரு வண்டியெல்லாம் பாக்குறீங்க, ஒங்க வண்டியப் பாக்க மாட்டீங்களா?"

"டாக்டரு வீட்டுலதான் தங்கச்சி காய்ச்சல் நெறைய."

கண்டக்டர் குழாயை மீன் இறக்கும் இடத்துக்குப் பக்கத்து டீக்கடையில் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். டீக்கடைக்காரர் அதைப் பத்திரமாக, மிகப் பத்திரமாக, கருவாட்டுக் கூடைகளுக்கு நடுவில் நிறுத்தி வைத்திருந்தார். மூடியைத் திறந்து பார்த்தேன். நீலக் கோடு அப்படியே இருந்தது. வாசனை புதிது.

"என்ன படம்மா அது?" என்று கேட்டார் வலையைத் தைத்துக்கொண்டிருந்த ஒருவர். விரித்துக் காட்டி விஷயத்தைச் சொன்னேன். மூன்று பேர் குனிந்து பார்த்தார்கள். வலைக்காரர் ஊசியை நிறுத்தாமலே சொன்னார்: "ஒங்களுக்கு இல்லாத கோட்டைப் போடச் சொல்லிச் சண்டை. எங்களுக்குக் கடல்ல இருக்குற கோட்டுனால சண்டை. கோடு போடுறவன் ஒரு நாளாவது வந்து நம்மகிட்ட கேட்டானா?"

அங்கேயே சூடை மீன் வறுவல் சாப்பிட்டோம். சின்ன மீன், முள் அதிகம், பேச்சைக் குறைத்துத்தான் சாப்பிட வேண்டும். அதனால் பக்கத்தில் ரெண்டு பெண்கள் கூடைகளை வைத்துக்கொண்டு பேசியது முழுதாகக் கேட்டது.

"நேத்து அவ மகளைப் பாக்க வந்தாகளே, என்னாச்சு?"

"என்ன ஆகும். கேசரி போட்டு வச்சிருக்கா, கறிக்கொழம்பு வச்சிருக்கா. வந்தவுக கை நனைக்காமலே எந்திரிச்சுப் போயிட்டாக."

"அடியாத்தே! அப்ப இல்லைன்னு அர்த்தம்."

பைக்கில் திரும்பும்போது அந்தோணியிடம் கேட்டேன். அவர் விளக்கினார்: பெண் பார்க்க வருகிறவர்கள் சம்பந்தம் பிடித்திருந்தால்தான் அந்த வீட்டில் சாப்பிடுவார்கள். பிடிக்கவில்லை என்றால் தண்ணீரைக் குடித்துவிட்டுக் கிளம்பிவிடுவார்கள். சாப்பிடுவதற்குத்தான் கை நனைப்பது என்று பெயர். "ஒங்க ஊர்ல எப்படி?" என்று கேட்டார். எங்கள் ஊரில் காபி ஷாப்பில் சந்திப்பார்கள், பில்லை யார் கொடுப்பது என்பதிலேயே சம்பந்தம் தெரிந்துவிடும் என்றேன். சிரித்ததில் செயின் மூன்றாம் தடவை கழன்றது.

வெயில் தாழ்ந்ததும் மேப்பை எடுத்துக்கொண்டு வாரியில் நடந்தோம். படத்தில் நான் ஒரு விரற்கடையில் இழுத்த கோடு காலுக்குக் கீழே அரை மணி நேர நடை. காய்ந்து கிடந்தது. ஆனால் மணல் மட்டும் ஒரே பக்கமாகச் சீவி விட்டதுபோல் படிந்திருந்தது. பாதி வழியில் ஒரு மண் சாலை குறுக்கே போனது. சாலைக்குக் கீழே மூன்று சிமெண்டுக் குழாய் வைத்த சின்னப் பாலம்.

"இதக் கட்டுனது யாரு?" என்று கேட்டேன்.

"அரசாங்கம்தான்."

"எதுக்கு?"

அந்தோணி என்னைப் பார்த்தார். நான் அவரைப் பார்த்தேன். தண்ணீர் போகாத இடத்துக்குப் பாலம் எதற்கு? மேப்பில் அந்த இடத்தில் பேனாவால் பெரிதாக ஒரு வட்டம் போட்டேன். சந்தோஷத்தில் ரெண்டு வட்டம்.

பந்தலுக்குத் திரும்பினால் செல்வராணி அக்கா ராத்திரிக் குழம்புக்குக் கத்திரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தார். பாலத்துக் கதையைச் சொன்னேன். தலையை ஆட்டினார், முகம் மலரவில்லை.

"பாலம் தண்ணிக்குச் சாட்சி சொல்லும் தங்கச்சி. எனக்கு யாரு சொல்றது? நாளைக்கு அம்புட்டு சனத்துக்கு முன்னாடி அந்தப் போட்டோவத் தூக்கிக் காட்டுவாக. கண்மாய் காஞ்சா, செல்வராணி ஊத்துன ரசத்துலதான் காஞ்சதுன்னு எம் பேரன் காலத்துக்கும் பேசுவாக."

அவரைச் சிரிக்க வைப்போம் என்று மீமிசலில் கேட்ட கதையை எடுத்துவிட்டேன். கேசரி, கறிக்குழம்பு, கை நனைக்காமல் எழுந்து போன மாப்பிள்ளை வீட்டார் எல்லாம்.

அக்கா சிரிக்கவில்லை. கையிலிருந்த கத்திரிக்காய் பாதி வெட்டில் நின்றது.

"என்ன சொன்ன?"

மறுபடி சொன்னேன்.

"கை நனைக்காமப் போனது யாரு? சமைச்சவளா, வந்தவுகளா?"

"வந்தவங்கதான்."

அவர் கத்திரிக்காயை முழுதாக வெட்டி முடித்தார். பிறகு தனக்குள்ளேயே சிரித்துக்கொண்டார். எனக்குப் புரிய இன்னும் ஒரு நாள் ஆனது.

மூன்றாம் நாள் கூட்டம் சமுதாயக் கூடத்தில். காற்றாடி மூன்று, ஓடியது ஒன்று. அதன் கீழே அதிகாரிகள். தலைமை தாங்கிய அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி, கண்ணாடியைக் கழற்றிக் கழற்றித் துடைத்துக்கொண்டிருந்தார். பந்தலிலிருந்து மோர் கொண்டுபோய்க் கொடுத்தார்கள். குடித்தார். சாப்பாடு வேண்டாம், கட்டிக்கொண்டு வந்திருக்கிறேன் என்றார். கடைசி வரிசையில் முக்காலியோடு சர்வேயர். போட்டோவில் பார்த்ததைவிடக் குண்டு. பதினோரு நாள் சாப்பாடாக இருக்கலாம்.

அந்தோணியும் நானும் மேப்பை விரித்தோம். முதல் வரிசை மூக்கைப் பொத்தியது.

"இது எந்தக் கடலோட மேப்பு?" என்றார் அதிகாரி.

கூடம் சிரித்து முடித்ததும் பாலத்தைக் காட்டினேன். அவர் எழுந்து வந்து குனிந்து பார்த்தார். அப்போது ஆலோசனை நிறுவனத்துக்காரர் எழுந்தார். நல்ல சட்டை, நல்ல குரல். ஊர் மக்களுக்கு ஆட்சேபணை இருந்தால் ஆய்வுக் குழுவை இப்படி உபசரித்திருப்பார்களா என்று கேட்டுவிட்டு அந்தப் பக்கத்தைத் தூக்கிக் காட்டினார்.

எல்லாத் தலையும் ஒரே பக்கம் திரும்பியது.

செல்வராணி அக்கா எழுந்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டார்.

"அம்மா, படத்துல இருக்கறது நாந்தான். ரசமும் என்னுதுதான். இல்லைங்கல. ஒண்ணே ஒண்ணு கேக்குறேன். பொண்ணு பாக்க வாராக. பொண்ணு வீட்டுல சமைச்சு வைக்கிறாக. சம்மதம்னு எப்பத் தெரியும்? சமைச்சு வச்சப்பவா, வந்தவுக கை நனைச்சப்பவா?"

அதிகாரி கண்ணாடியைத் துடைப்பதை நிறுத்தினார். "கை நனைச்சாத்தான்."

"அதாம்மா. போடுறது எங்க வழக்கம். யாரு வந்தாலும் போடுவோம். சம்மதம் சொல்றது சாப்புடுறவுக வேலை. இவுக பதினோரு நாளு எங்க பந்தல்ல கை நனைச்சிருக்காக. அப்ப யாரு யாருக்குச் சம்மதம் சொன்னது? நாங்க பூங்காவுக்கா, பூங்காக்காரவுக எங்க வாரிக்கா?"

கூடமே கூரை எழும்பச் சிரித்தது. தெருக்குழாயில் தாம்பூலம் கேட்ட பெண்தான் முதலில் கைதட்டினாள். "அப்படிக் கேளு செல்வராணி!"

"படத்துல அத்தாட்சியும் அவுகளே எடுத்துக் குடுத்துட்டாக" என்று பின்னாலிருந்து ஒரு குரல்.

நல்ல சட்டைக்காரர், "மேடம், இது சம்பந்தமில்லாத..." என்று ஆரம்பித்தார்.

"சம்பந்தத்தைப் பத்தித்தான் பேசுறாங்க, உக்காருங்க" என்றார் அதிகாரி. பிறகு சர்வேயரைக் கூப்பிட்டார். "நீங்க சாப்பிட்டீங்களா?"

சர்வேயர் எழுந்து நின்றார். "சாப்பிட்டேன் மேடம்." கொஞ்சம் யோசித்து, "ரசம் ரொம்ப நல்லா இருக்கும் மேடம்" என்றார்.

"அம்மா நீங்களும் எங்க மோரு குடிச்சிருக்கீக" என்று யாரோ எடுத்துக்கொடுத்தார்கள்.

"மோருக்குக் கை நனையாது, டம்ளர்லதான் குடிச்சேன்" என்றார் அவர், முகத்தில் சிரிப்பைக் காட்டாமல். எனக்கு அந்த அம்மாவை மிகவும் பிடித்துவிட்டது.

சாயங்காலம் அதிகாரி பாலம் வரை நடந்து வந்தார். செருப்பில் செம்மண் ஏறியது. மூன்று குழாய்களையும் குனிந்து பார்த்தார், மணல் எந்தப் பக்கம் படிந்திருக்கிறது என்று பார்த்தார். ரெண்டு விஷயம் எழுதினார். ஒன்று, உணவளித்ததை இசைவாகக் கொள்ளக்கூடாது, அந்தப் பக்கத்தை நீக்க வேண்டும். ரெண்டு, வாரியைத் தலையிலிருந்து கண்மாய்வரை அளந்து படத்தில் காட்டாமல் கோப்பு மேலே போகக்கூடாது. அதே சர்வேயர் நாளைக்கே அளவைத் தொடங்க வேண்டும். பூங்கா வராது என்று அவர் சொல்லவில்லை. அதைச் சொல்லக்கூடிய இடத்தில் அவரும் இல்லை. ஆனாலும் அன்றைக்குப் பந்தலில் பாயசம்.

நாலாம் நாள் எனக்கு மத்தியான பஸ். பையைக் கட்டி வைத்துவிட்டுக் கடைசிச் சாப்பாட்டுக்கு உட்கார்ந்தேன். சர்வேயர் மேட்டிலிருந்து முக்காலியோடு இறங்கி வந்தார். சட்டை நனைந்து ஒட்டியிருந்தது. பந்தல் வாசலில் நின்றுவிட்டார்.

"வாங்க சார், எலை போட்டாச்சு" என்றார் செல்வராணி அக்கா.

"இல்லைங்க. தண்ணி மட்டும் குடுங்க."

"ஏன், நேத்து அம்புட்டுச் சனத்துக்கு முன்னாடி ரசம் நல்லாருக்கும்னீக?"

"அதான் பயமா இருக்கு. கை நனைச்சா எழுதிடுவீங்க."

"எழுதத்தான் போறோம். ஒளிவா மறைவா? ஒக்காருங்க."

பந்தலே அவரைப் பார்த்தது. அவர் இலையைப் பார்த்தார், அடுப்பைப் பார்த்தார், மேட்டைப் பார்த்தார். செம்பை வாங்கி அண்ணாந்து குடித்துவிட்டு, "பாதிதான் அளந்திருக்கேன். பாலத்துக்கு இங்கிட்டு இன்னும் கெடக்கு" என்று சொல்லிவிட்டு வெயிலுக்குள் திரும்பிப் போனார்.

பந்தலில் ஒருத்தருக்கும் சாப்பாடு ஓடவில்லை. "பாவம்டி அந்த மனுசன்" என்றார்கள். "சோத்தக் காட்டி வெரட்டிட்டியே" என்று அக்காவை ஏசினார்கள். அக்கா ஒரு தட்டில் சோறு எடுத்து மூடி வைத்தார். ரசத்தை அடுப்பு ஓரத்துக்கு நகர்த்தினார். நான் பஸ்ஸை விட்டேன். அந்தோணி கேட்டதற்கு, அடுத்த பஸ்ஸில் போகிறேன், இந்தத் தடவை கையில் தொலைக்க ஒன்றும் இல்லை என்றேன்.

மூன்று மணி தாண்டித்தான் சர்வேயர் வந்தார். நேரே அக்காவிடம் போய் அளவு நோட்டை விரித்துக் காட்டினார். நானும் எட்டிப் பார்த்தேன். பென்சில் கோடு, மேட்டில் தொடங்கி, பாலத்தின் மூன்று குழாய்க்குள் நுழைந்து வெளியே வந்து, கண்மாய் வாய்வரை. ஓரத்தில் அவர் கையெழுத்தில் ஒரே சொல்: வாரி. என்னுடைய கருவாட்டு மேப்பைவிடத் துல்லியமாக இருந்தது. கொஞ்சம் பொறாமையாகக்கூட இருந்தது.

செல்வராணி அக்கா அந்தக் கோட்டை விரலால் ஒரு தடவை தொட்டார், கடைசி மடை எங்கே வரும் என்று கேட்டார். அவர் காட்டினார். பிறகு அக்கா இலையைத் துடைத்துப் போட்டு, செம்பில் தண்ணீர் மொண்டு நீட்டினார்.

சர்வேயர் சட்டைக் கையை முழங்கைவரை மடித்தார். ரெண்டு கையையும் நீட்டினார். எல்லோரும் பார்க்கும்படி, அவசரப்படாமல், நனைத்தார்.